சிற்றிலும் மனக்கோயிலும்

பெரியவர்களின் திருவிழா முடிந்த பின்னர்தான் சிறுவர்களின் திருவிழா ஆரம்பமாகின்றது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் மகோற்சவம் நிறைவுற்றுக் கொடி இறங்கிய மறுநாள், கோயில் வீதியிலோ வீட்டுக் கோடிப்புறத்திலோ இதனைக் காணலாம். உடைந்த செங்கல் ஒன்று சுவாமி. இரண்டு பூவரசந்தடிகளுக்கு நடுவே கட்டிய பலகைத் துண்டு வாகனம். தகரப்பேணி தவில்; சுருட்டிய பூவரசமிலை நாதஸ்வரம். சிரட்டை நிறைந்த மணல் நைவேத்தியம், செவ்வரத்தம்பூ தீபம். இடுப்பிலே துவாயைக் கட்டிய ஐந்து வயதுக் குருக்கள் வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கின்றார். "சாமி வருது, விலத்துங்கோ" என்று முன்னே ஒருவன் வழி விலக்கிச் செல்கின்றான். அங்கே சிரிப்பவர் எவருமில்லை. பெரிய திருவிழாவில்கூடக் காணமுடியாத ஒழுங்கும் பயபக்தியும் அந்தச் சிறு ஊர்வலத்திலே காணப்படும்.

அவ்வழியே வரும் பெரியவர் ஒருவர், "வெயிலுக்கை நிண்டு என்ன விளையாட்டு? போய்ப் படியுங்கோ" என்று சத்தமிடுகின்றார். அந்த ஒரு சொல்லுடன் சுவாமி செங்கல்லாகவும் வாகனம் பலகையாகவும் மாறிவிடுகின்றன. பிள்ளைகள் கலைந்து செல்கின்றனர். சத்தமிட்ட பெரியவரும் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதே வீதியில் தகரப்பேணி தட்டியவர்தான். இன்று அவர் கண்ணுக்குச் செங்கல் வெறும் செங்கல்லாகவே தெரிகின்றது. இடையில் அவரிடமிருந்து போனது எது? அது போகத்தான் வேண்டுமா? போனதை மீளப் பெறுதல் கூடுமா? இவ்வினாக்கள் சிந்திக்கத்தக்கவை.

கற்பனை பொய்யாகுமா?

சிறுபிள்ளை உண்மையையும் பொய்யையும் பிரித்தறியாமலே இவ்வாறு விளையாடுகின்றது எனப் பலர் கருதுவர். சற்று உற்று நோக்கினால் இக்கருத்துப் பொருந்தாமை புலனாகும். மண்சோறு ஆக்கும் சிறுமி அதனை உண்மையில் உண்பதில்லை. வாயருகே கொண்டுபோய் உண்பதுபோலப் பாவனை செய்துவிட்டுக் கீழே கொட்டுகின்றாள். உண்மையாகப் பசித்தால் அடுப்படிக்குத் தாயிடந்தான் ஓடுகின்றாள். மண் மண்ணே என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதனைச் சோறாகவும் காண்கின்றாள்.

எமது தத்துவ நூல்களில் கயிற்றைப் பாம்பென்று கண்டு அஞ்சும் உவமை அடிக்கடி வரும். அது மயக்கம். அங்கே கயிறு கயிறெனத் தெரிவதில்லை. பொய் என்பது வேறு. உண்மை இன்னதெனத் தெரிந்தவர் பிறரை ஏமாற்றச் சொல்வது அது. சிறுபிள்ளையின் கற்பனை இவ்விரண்டிலும் சேராது. அதில் மயக்கமுமில்லை, வஞ்சகமுமில்லை. உள்ளதை உள்ளபடி அறிந்த மனம், அதற்கும் அப்பால் ஒன்றைத் தானே படைத்துப் பார்க்கின்றது.

சுவிற்சர்லாந்து நாட்டு உளவியலறிஞர் ஜீன் பியாஜே, ஏறக்குறைய இரண்டு வயதிலிருந்து ஏழு வயது வரையான பருவத்தில் இத்தகைய குறியீட்டு விளையாட்டு மேலோங்கி நிற்பதை விளக்கினார். ஒன்றை இன்னொன்றுக்குப் பதிலாக நிறுத்திச் சிந்திக்கும் இந்த ஆற்றல்தான் மொழிக்கும் துணை நிற்பது. தடியைக் குதிரையாகக் கண்டு ஓடும் பிள்ளை, பொருளிலிருந்து கருத்தைப் பிரித்தெடுக்கப் பழகுகின்றது என்றார் ரஷ்ய அறிஞர் வைகொட்ஸ்கி. தடியைக் குதிரையாக்கிய பிள்ளைதான் பின்னாளில் 'அ' என்ற கோட்டை ஓர் ஒலியாகவும், கணக்கிலே தெரியாத ஓர் எண்ணை ஓர் எழுத்தாகவும் ஏற்றுக்கொள்கின்றது. ஆகவே, "விளையாட்டை விட்டுப் படி" என்று சொல்வோர், அவ்விளையாட்டும் ஒரு படிப்பென்பதை மறந்துவிடுகின்றனர்.

இதனை எமது முன்னோர் நன்கறிந்திருந்தனர். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தமே இதற்குச் சான்றாகும். அதிலே அம்புலிப் பருவம் என்றொரு பருவம் உண்டு. வானத்து நிலவைக் குழந்தையோடு விளையாட வரும்படி சாம, பேத, தான, தண்டம் என்னும் நால்வகை உபாயங்களாலும் புலவர் அழைப்பார். அரசர் பகைவரிடத்துக் கையாளும் உபாயங்கள் அங்கே ஒரு குழந்தையின் விளையாட்டுக்காகப் பயன்படுகின்றன. ஆண்பாற் பிள்ளைத்தமிழிலே சிற்றிற் பருவம் என மற்றொன்று வரும். சிறுமியர் மணலிலே சிறு வீடு கட்டுவர். பாட்டுடைத் தலைவனாகிய குழந்தை அதனைக் காலால் அழிக்க வருவான். "எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே" எனச் சிறுமியர் வேண்டிநிற்பர். மணல் வீடு அழிவதும் ஓர் இழப்பே என்று கருதி, அந்த முறையீட்டையும் பாடற்பொருளாக்கிய மரபு எமது மரபு.

மங்கிப்போகும் விதம்

இத்தகைய ஆற்றல் மங்குவதற்குக் காரணங்கள் பல. வயது ஏற ஏறப் பிள்ளை, பிறர் தன்னை எவ்வாறு பார்க்கின்றனர் என்பதை எண்ணத் தொடங்குகின்றது. ஏழு வயதில் வீதியில் தனியே பேசிக்கொண்டு போனவன், பதினொரு வயதில் யாராவது கேட்டுவிடுவார்களோ என்று நாணுகின்றான். அடுத்து வருவது பாடசாலை. அங்கே வினாவுக்கு ஒரு விடை சரி, ஏனையவை பிழை. அமெரிக்க உளவியலறிஞர் போல் ரொரன்ஸ் 1960களில் தமது நாட்டு மாணவரை ஆராய்ந்து, நான்காம் வகுப்பளவில் பலருடைய படைப்பாற்றலில் ஒரு தளர்ச்சி ஏற்படுவதைச் சுட்டிக் காட்டினார். எல்லா நாடுகளிலும் இது ஒரேவிதமாக நிகழ்வதில்லை எனப் பின்வந்த ஆய்வுகள் கூறுகின்றன. எனினும், எமது நாட்டில் ஏறக்குறைய அதே வயதில்தான் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வந்து நிற்கின்றது என்பது பெற்றோர் கவனிக்கத்தக்கது. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு உதவும் பரீட்சை அது, அதனைக் குறைகூறுவதற்கில்லை. ஆனால் அதற்காகக் காலையில் ஒரு வகுப்பு, மாலையில் ஒரு வகுப்பு, இரவில் மாதிரி வினாத்தாள் என்றாகும்போது, சிற்றில் கட்டுவதற்கு அந்தப் பிள்ளையிடம் ஒரு மணித்தியாலமும் எஞ்சுவதில்லை. எஞ்சிய சிறு நேரத்தையும் இன்று கைத்தொலைபேசி வாங்கிக்கொள்கின்றது. அதிலே வரும் குதிரைக்குக் காலும் வாலும் பிறர் வரைந்தே கொடுத்துவிடுகின்றனர். தடியைக் குதிரையாக்கும் வேலை பிள்ளைக்கு இல்லை.

படித்தவர்களிடத்தும் அறிஞர்களிடத்தும் இம்மங்கல் நிகழ்வதுண்டு. கூர்ப்புக் கொள்கையைத் தந்த சார்ள்ஸ் டார்வின் 1876 ஆம் ஆண்டு, தமது அறுபத்தேழாவது வயதில், தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். முப்பது வயது வரையிலும் அதற்குப் பின்னரும் கவிதையில் தாம் கொண்டிருந்த பேரின்பம் பிற்காலத்தில் முற்றாக அற்றுப்போனதை அதிலே ஒளிக்காமற் கூறுகின்றார். செய்திகளைத் திரட்டிப் பொதுவிதிகளை அரைத்தெடுக்கும் ஓர் இயந்திரம்போலத் தம் மனம் ஆகிவிட்டதாக வருந்துகின்றார். மீண்டும் வாழக் கிடைத்தால் வாரம் ஒருமுறையாவது சிறிது கவிதை படித்து, இசை கேட்பதை விதியாக வைத்திருப்பேன் என்கின்றார். இத்தகைய சுவைகளை இழப்பது மகிழ்ச்சியை இழப்பதாகும். அறிவுக்கும், அதைவிட ஒழுக்கத்துக்கும் தீங்காகலாம் என்பது அவரது கருத்து. கற்பனை வறண்டால் ஒழுக்கம் எவ்வாறு பாதிக்கப்படும் என்பது ஆழ்ந்து சிந்திக்க வேண்டிய விடயமாகும்.

மங்கியதா, எசமான் மாறியதா?

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். வளர்ந்தவனுக்குக் கற்பனை எதற்கு? கந்தோரிலே கோவையைப் பார்க்கும் எழுதுவினைஞர் அதில் உள்ளதைத்தான் பார்க்கவேண்டும். இல்லாததைக் கண்டால் உத்தியோகம் போய்விடும். கமக்காரன் வானத்தைப் பார்த்து மழையைத்தான் கணிக்கவேண்டும். முகிலில் யானை பார்த்து நின்றால் விதைப்புத் தவறிவிடும். குழந்தைமை கழியத்தான் வேண்டும். இத்தடையில் நியாயம் இல்லாமலில்லை.

ஆனால் வளர்ந்தவரிடத்தில் கற்பனை உண்மையிலேயே அற்றுவிட்டதா? ரியூசனுக்குப் போன மகள் வழமையான நேரத்திலிருந்து அரை மணித்தியாலம் பிந்தினால் தகப்பனின் மனம் என்ன செய்கின்றது? சந்தியில் ஒரு விபத்து, ஆசுபத்திரிக் கட்டில், கூடி நிற்கும் சனம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படம் வரைந்து தள்ளுகின்றது. அரச முத்திரையிட்ட ஒரு கடிதம் வந்தால், உறையைக் கிழிப்பதற்கு முன்னரே பத்து விதமான கெடுதிகள் கண்முன் நிற்கின்றன. பக்கத்து வளவுக்காரன் வேலியோரம் நின்று யாரோடோ கதைத்தால், கேளாத கதைக்கு ஒரு முழு நாடகமே எழுதப்பட்டுவிடுகின்றது. இவையெல்லாம் கற்பனையின்றி வேறென்ன? கவலை என்பது கற்பனை. சந்தேகம் என்பதும் கற்பனை. பொறாமை என்பதும் பிறர் வீட்டு இன்பத்தை மிகைப்படுத்திக் காணும் கற்பனையே.

வட பகுதியிலே போர்க்காலத்தைக் கடந்து வந்தவர்கள் இதனை நன்கறிவர். பதுங்குகுழிக்குள்ளும் சிறுபிள்ளைகள் சிரட்டையில் சோறு கறி ஆக்கி விளையாடியதைக் கண்ட தாய்மார் பலர். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் பெயர்ந்து நடந்தபோதும், தங்கிய இடங்களில் மரநிழலைக் கண்டவுடன் பிள்ளைகள் வீடு கட்டத் தொடங்கினர். பெரியவர்களோ 2009 இல் போர் முடிந்த பின்னரும் வானத்தில் ஓர் இரைச்சல் கேட்டால் திடுக்கிட்டு எழுந்தனர். பட்ட காயத்தின் பயன் அது. அதற்காக எவரையும் குறைகூறுதல் தகாது. ஆயினும் ஓர் உண்மை இங்கே தெளிவாகின்றது. பிள்ளையிடத்தில் விளையாட்டுக்கும் அன்புக்கும் ஊழியஞ் செய்த கற்பனை, பெரியவரிடத்தில் அச்சத்துக்கும் கணக்குக்கும் ஊழியஞ் செய்கின்றது. ஆற்றல் சாகவில்லை. அதன் எசமான் மாறிவிட்டான்.

மேலே கூறப்பட்ட வைகொட்ஸ்கி 1930 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பிள்ளையின் கற்பனை பெரியவரின் கற்பனையைவிட வளம் மிக்கது என்ற பொதுவான எண்ணத்தை மறுத்தார். கற்பனைக்குப் பொருள் அனுபவமே. பிள்ளைக்கு அனுபவம் குறைவு. தான் படைத்ததைப் பிள்ளை கூடுதலாக நம்புகின்றது என்பதுதான் வேறுபாடு என்றார். அப்படியாயின் அறுபது ஆண்டுகள் கண்டதும் கேட்டதும் பட்டதும் பெரியவரிடத்தே கல்லாகவும் மரமாகவும் குவிந்து கிடக்கின்றன. கட்டுவதற்கு மனந்தான் இல்லை.

வளர்ந்தவரின் கற்பனை

அத்தகைய மனம் வாய்த்தவர்களும் உலகில் இருந்தனர். அல்பேட் ஐன்ஸ்டீன் பதினாறு வயதில், ஓர் ஒளிக்கதிரைத் தொடர்ந்து அதே வேகத்தில் ஓடினால் அது எவ்வாறு தோன்றும் என்று தன்னைத்தானே கேட்டார். குழந்தைத்தனமான அந்த வினாவை அவர் கைவிடவில்லை. சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் காப்புரிமை அலுவலகத்திலே விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் அரச ஊழியராகக் கடமையாற்றிக்கொண்டே, 1905 ஆம் ஆண்டு சிறப்புச் சார்புக் கொள்கையை வெளியிட்டார். கந்தோர் வேலை கற்பனைக்குப் பகையன்று என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஐன்ஸ்டீனாக வருதல் எல்லோர்க்கும் இயலாது. ஆனால் எல்லோர்க்கும் இயலுவதும் எல்லோர்க்கும் வேண்டப்படுவதுமான கற்பனை ஒன்றுண்டு. அதுவே பிறர் நிலையிற் தன்னை வைத்துப் பார்த்தல். பொருளியலின் தந்தையெனப் போற்றப்படும் அடம் ஸ்மித் 1759 இல் வெளியிட்ட அறவியல் நூலிலே, இன்னொருவர் படும் துன்பத்தை எமது புலன்கள் எமக்கு அறிவிக்கமாட்டா. கற்பனையினாலேயே அவரது இடத்தில் எம்மை வைத்து அதனை உணர்கின்றோம் என விளக்கினார். பிற உயிரின் நோயைத் தன் நோய்போற் கொள்ளாவிடில் அறிவினாற் பயன் என்ன என்று திருவள்ளுவர் அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னரே கேட்டுவிட்டார்.

ஓர் அரச அலுவலகத்தின் யன்னலை எண்ணிப் பார்க்கலாம். கணவனை இழந்த பெண்ணொருத்தி ஓய்வூதியக் கோவை தொடர்பாக வந்து நிற்கின்றாள். ஒரு கையொப்பம் குறைகின்றது. உரியவர் இல்லை. "நாளைக்கு வாங்கோ" என்கின்றார் உள்ளே இருப்பவர். அதிலே பொய்யில்லை, சட்டமீறலும் இல்லை. ஆனால் அந்த இரண்டு சொற்களுக்குள் இரண்டு பஸ் பயணம் இருக்கின்றது. ஒரு நாட்கூலி இருக்கின்றது. அயல் வீட்டில் ஒப்படைத்துவிட்டு வந்த சிறுபிள்ளை இருக்கின்றது. கோவையிலே இவை எழுதப்பட்டிருப்பதில்லை. கற்பனைக் கண்ணுக்கு மாத்திரமே தெரிவன. அது தெரிந்தால், உரியவர் நாளை வருவாரா என்று ஒரு முறை விசாரித்துச் சொல்லத் தோன்றும். தெரியாவிட்டால் கோவை இலக்கம் மட்டுமே தெரியும். கொடியவர்கள் செய்யும் தீமையிலும் பார்க்க, கற்பனை வறண்ட நல்லவர்கள் அறியாமற் செய்யும் தீமை உலகில் அதிகம். டார்வின் அஞ்சிய ஒழுக்கக்கேடு இவ்வாறுதான் வந்து சேர்கின்றது.

பற்றிப் படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தேரை நிறுத்தினான் பாரி. மயிலுக்குக் குளிருமென்று போர்வை ஈந்தான் பேகன். முல்லைக்குத் தேர் வேண்டாம், ஒரு தடி போதும் என்பது எவருக்கும் தெரியும். மயில் போர்வையை உடுத்தாது என்பதும் தெரியும். சிறுபிள்ளைபோல அவர்கள் செய்த இச்செயலைத் தமிழ் மரபு எள்ளி நகையாடவில்லை. கொடைமடம் என்று அதற்குப் பெயரிட்டுக் கடையெழு வள்ளல்களின் வரிசையில் அவர்களை இருத்தியது. கணக்குப் பார்க்கும் அறிவைவிட, கொடியின் தவிப்பும் மயிலின் நடுக்கமும் கண்ட அந்த 'மடம்' உயர்ந்தது என்பதே அதன் கருத்து.

இரண்டு அடியார்கள்

சைவ வரலாற்றில் இக்கருத்தின் இரு முனைகளையும் விளக்கும் அடியார் இருவர் உளர். ஒருவர் திருநாரையூரில் ஆதிசைவர் மரபில் உதித்த நம்பியாண்டார் நம்பி. தந்தையார் வெளியூர் சென்ற நாளில் சிறுவராகிய நம்பி பொல்லாப் பிள்ளையாருக்கு நைவேத்தியங் கொண்டுசென்று வைத்தார். நாள்தோறும் பிள்ளையார் உண்பார் என்றே அவர் எண்ணியிருந்தார். உண்ணாதது கண்டு மனம் நொந்து அழுது, தலையை மோதிக்கொள்ள முற்பட்டார். பிள்ளையார் அமுது செய்தருளினார் என்பது வரலாறு. பின்னாளில் திருமுறைகளைத் தேடி வகுத்துத் தந்த பெரும் பணிக்கு அக்குழந்தை நம்பிக்கையே வித்தாயிற்று.

மற்றவர் திருநின்றவூர்ப் பூசலார். அவர் குழந்தையல்லர், பொருள் தேடி அலைந்து கிடையாமற் சலித்த வளர்ந்த மனிதர். கோயில் எடுக்க நிதியில்லை என்றவுடன் அவர் கவலையிற் படுத்துவிடவில்லை. மனத்திலே நிதி திரட்டினார். கல்லும் மரமும் தச்சரும் மனத்திலே தேடினார். நல்ல நாள் பார்த்து ஆகம விதிப்படி அத்திவாரமிட்டார். இரவிலும் கண்ணுறங்காது கட்டினார் எனச் சேக்கிழார் பெரியபுராணத்திற் கூறுகின்றார். விமானம், மதில், திருக்குளம், கிணறு என ஒன்றும் விடுபடவில்லை. காஞ்சியிற் கற்றளி எடுத்த காடவர்கோன் குடமுழுக்கு வைத்த அதே நாளில், அன்பனொருவன் எடுத்த ஆலயத்துள் தாம் புகவிருப்பதாக இறைவன் கனவில் உணர்த்தினான். மன்னன் திருநின்றவூருக்கு வந்து தேடியபோது, அப்படியொரு கோயில் இங்கில்லையே என்றனர் ஊரவர். பல நாள் பூசலாரோடு ஒரே ஊரில் வாழ்ந்தும் அக்கோயிலை அறியாதவர்கள் அவர்கள்.

செங்கல்லைச் சுவாமியாகக் காணும் பிள்ளைக்கும் பூசலாருக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒன்றே. பிள்ளை பாதியில் எழுந்து போய்விடும். பூசலார் ஒரு கல்லையும் விடாது கட்டி முடித்தார். குழந்தையின் கற்பனையோடு வளர்ந்தவரின் பொறுமையும் கல்வியும் ஒழுங்கும் சேர்ந்தபோது சிற்றில் மனக்கோயிலாயிற்று. ஆகவே குழந்தைமை கழிவது இழப்பன்று. அது கழியும்போது கற்பனையையும் உடன் கொண்டுபோக விடுவதே இழப்பாகும்.

செய்யத்தக்கது

இதற்குப் பெரிய உபாயங்கள் வேண்டியதில்லை. கவலை மனத்திலே படம் வரையத் தொடங்கும்போது, இந்தத் தூரிகை தன்னுடையதே என்பதை ஒருவர் உணர்ந்தால் போதும். அதே தூரிகையால் வேறொன்றையும் வரையலாம். வழக்கோ வாய்த்தர்க்கமோ எழுந்தால், எதிராளியின் வீட்டு விறாந்தையில் இருந்து அதனை ஒரு முறை பார்த்தால் பாதிச் சினம் தணியும். பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் தாத்தாவும் அம்மம்மாவும் கதையை முழுவதும் சொல்லாமல், "பிறகு என்ன நடந்திருக்கும், சொல்லு பார்ப்பம்" என்று நிறுத்தலாம். விடை சொல்லும் பிள்ளைக்கும் கேட்கும் முதியவருக்கும் அது மருந்து. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் நாளில் ஒரு மணித்தியாலம், வகுப்பும் கைத்தொலைபேசியும் இல்லாத வெறும் நேரமாகக் கொடுக்கலாம்.

புறநானூற்றிலே தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் முதுபுலவர், மணலிற் செய்த பாவைக்குப் பூச்சூட்டியதையும், மருத மரக்கிளை ஏறி மடுவிற் குதித்து மூழ்கி அடிமணலை அள்ளிவந்து காட்டியதையும் நினைந்து, தடியூன்றி இருமியபடி இரங்குகின்றார். அந்த இளமை எங்கே போயிற்று என்பது அவர் ஏக்கம். உடலின் இளமை மீளாது. ஆனால் மணற்பாவையை இத்தனை ஆண்டுகளின் பின்னும் அவ்வளவு தெளிவாகக் காணும் கண் அவரிடமே இருந்தது. அதனாலன்றோ அப்பாடல் பிறந்தது!

அடுத்த ஆண்டும் கொடி இறங்கும். மறுநாள் கோயில் வீதியிலே தகரப்பேணி முழங்கும். "சாமி வருது, விலத்துங்கோ" என்று ஒரு சிறுவன் வழி விலக்கி வருவான். அவ்வழியே செல்லும் பெரியவர் செய்யவேண்டியது மிகச் சிறிய காரியமே. சற்று விலகி நின்று, சுவாமி போகும் வரை காத்திருந்து, பின்னர் நடக்கலாம். தோளிலே சால்வை கிடந்தால் எடுத்து இடுப்பிற் கட்டிக்கொள்வது இன்னும் நன்று.